அமீன் சயானி: நின்றது குரலா, அந்தக் குரலைச் சுற்றி இருந்த ஏற்பாடா?

மாதுங்கா_மணி:

ஹிந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் காலமானார். வயது 91. அன்றைக்கு வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியோடு தொடங்கி அந்த ஒரு வரியோடு முடிந்துவிட்டன. "பெஹ்னோ அவுர் பாயியோ, மே ஆப்கா தோஸ்த் அமீன் சயானி..." சகோதரிகளே, சகோதரர்களே, நான் உங்கள் நண்பன் அமீன் சயானி என்று அர்த்தம். ஹிந்தி தெரியாத நம் ஆட்கள்கூட இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். மிமிக்ரி மேடைகளில் இன்னும் கைதட்டல் வாங்குகிற வரி அது. சொல்பவருக்கு அவர் பிறக்கும் முன் வந்த நிகழ்ச்சியின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் வரி தெரியும்.

எனக்கு இதில் ஒரு குறை. ஒரு மனிதரை வரியாகச் சுருக்கிவிட்டால் அவர் செய்த வேலை மறைந்துபோகிறது. 1952 டிசம்பர் 3 அன்று ரேடியோ சிலோனில், பினாகா பற்பசை விளம்பரத்தோடு, பினாகா கீத்மாலா என்ற ஹிந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட முடியவில்லை. எழுதுவது, தயாரிப்பது, பேசுவது, வந்த கடிதங்களைப் பிரிப்பது எல்லாம் ஒரே ஆள். வாரத்துக்குக் கூலி 25 ரூபாய். அனுபவம் உள்ளவர்கள் யாரும் இந்தக் காசுக்கு இவ்வளவு வேலை செய்ய ஒத்துக்கொள்ளாததால்தான் தனக்கு இது கிடைத்தது என்று அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

முதலில் இது வரிசைப் பட்டியல் நிகழ்ச்சியே அல்ல. அரை மணி நேரம், ஏழு பாட்டு. எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும், சரியாக எழுதினால் 100 ரூபாய் பரிசு. நாற்பது ஐம்பது கடிதம் வரும் என்று நினைத்திருந்தார்களாம். முதல் வாரமே 9,000 வந்தது. ஓராண்டுக்குள் வாரத்துக்கு 65,000 வரை போனது. உட்கார்ந்து பிரிக்க ஆள் இல்லை, இடமும் இல்லை. அதனால்தான் 1954 கடைசியில் போட்டியை விட்டுவிட்டு, வாராவாரம் பாட்டுகளைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொல்கிற ஒரு மணி நேர நிகழ்ச்சியாக மாற்றினார்கள்.

அதாவது, தபால் தாங்க முடியாமல்தான் அந்த வடிவமே பிறந்தது. என் கட்சி இதுதான்: அவர் இன்றும் நம்மோடு இருப்பதற்குக் காரணம் குரல் மட்டும் இல்லை. கேட்கிறவனை நிகழ்ச்சிக்குள் இழுத்து உட்கார வைத்தார். அதுதான் நின்றது. யாராவது மறுக்கலாம்.

கறார்குமரன்:

மறுக்கத்தானே வந்திருக்கிறேன்.

வடிவம் அவர் கண்டுபிடித்தது இல்லை மணி சார். அமெரிக்க வானொலியில் 1935-லேயே வாராந்திரப் பாட்டு வரிசை நிகழ்ச்சி வந்துவிட்டது. அதைவிடப் பக்கத்தில், அதே ரேடியோ சிலோனின் ஆங்கிலப் பிரிவில், அதே பற்பசை கம்பெனி விளம்பரத்தில், கிரெக் ரொஸ்கோவ்ஸ்கி என்பவர் பினாகா ஹிட் பரேடு நடத்திக்கொண்டிருந்தார். அது நன்றாக ஓடியதைப் பார்த்துத்தான் ஹிந்தியிலும் ஒன்று போடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்தது, கேஸ்கர். பி.வி. கேஸ்கர் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். பத்து வருஷம் இருந்தார். சினிமாப் பாட்டு கீழ்த்தரம் என்பது அவர் எண்ணம். ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைக் குறைத்தார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று பெயர் சொல்வதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். நாடு முழுக்கப் பாட்டுக்கு ஏங்கிக் கிடந்தபோது எல்லைக்கு அப்பால் ஒரு நிலையம் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டது. அந்த மைக் முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் நட்சத்திரம் ஆகியிருப்பார்கள்.

அமைச்சர் ஒருவரின் பிடிவாதமும் ஒரு சுவிஸ் கம்பெனியின் பற்பசைக் காசும் சேர்ந்து உருவாக்கிய புகழ். குரல் நல்ல குரல், ஒப்புக்கொள்கிறேன்.

ட்யூனர்:

குமரன் சொன்னதில் ஒரு துண்டு விட்டுப்போயிற்று: டிரான்ஸ்மிட்டர்.

இரண்டாம் உலகப் போரின்போது மவுன்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. படையினருக்காக ரேடியோ சீயாக் என்று ஒரு நிலையம் நடத்தினார்கள். கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருக்கிற சிப்பாய் கேட்க வேண்டும் என்று கட்டிய சாதனம். போர் முடிந்தது, படை போய்விட்டது, சாதனம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இவ்வளவு பெரிய குழாயை வைத்துக்கொண்டு சின்னத் தீவுக்கு மட்டும் ஒலிபரப்பி என்ன செய்வது? 1950 செப்டம்பரில் வர்த்தக சேவை தொடங்கினார்கள். கிளிஃபோர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையேயான உதவி ஏற்பாட்டின் கீழ் வந்து அதை நடத்திக் கொடுத்தார்.

சிற்றலை வானத்தில் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் கொழும்பில் இருந்து கிளம்பினது பாட்னாவில் இறங்கும், நடுவில் இருக்கிற ஊர் சிலவற்றில் சரியாகக் கேட்காது. ராத்திரியில் அலை ஏறி இறங்கும், பாட்டு கிட்டே வந்து தூரப் போகும். அந்த வயது ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கீத்மாலாவை நினைக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள்.

இப்போது மணி சார் பக்கம் ஒரு வாக்கு. சிற்றலையில் வரும்போது அடித்தொண்டைக் குரல் மங்கிவிடும், மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். சயானி பேச்சைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும், வாக்கியத்தின் முடிவில் குரல் மேலே ஏறும். கரகரப்புக்கு நடுவிலும் புரியும். அது பயிற்சியா இயல்பா தெரியாது, ஆனால் அந்த அலைவரிசைக்கு அளவெடுத்துத் தைத்த பேச்சு. யார் உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்காது குமரன்.

வெள்ளவத்தை:

கொழும்பில் இருந்து ஒரு சின்னத் தகவல். எங்கட ஊர்க்காரர் பலரே சயானி கொழும்பில் இருந்து பேசினார் என்று நம்பிக்கொண்டிருக்கினம். கீத்மாலா பம்பாயில்தான் ஒலிப்பதிவானது. நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள், இங்கிருந்து புதன் இரவு 8 மணிக்கு ஒலிபரப்பாகும். பம்பாயில் இருந்து கிளம்பிய குரல் கொழும்புக்கு வந்து, திரும்ப வானத்தால் பம்பாய்க்கே போகும். கொழும்பிலேயே இருந்து ஹிந்தி அறிவிப்புச் செய்தவர்கள் கோபால் சர்மா, விஜய் கிஷோர் துபே போன்றவர்கள். அவர்களுக்கும் இந்தியாவில் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது, இப்போது பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது.

குமரன் அண்ணைக்கு ஒரு கேள்வி. கேஸ்கரின் தடையும் டிரான்ஸ்மிட்டரும் அவர்கள் எல்லாருக்கும் பொதுதானே? பிறகு ஏன் ஒருவர் பெயர் மட்டும் மிஞ்சியது?

கறார்குமரன்:

விளம்பரக் காசு அவர் நிகழ்ச்சிக்குப் போனது. நல்ல நேரம் அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் நல்ல கேள்வி, யோசிக்கிறேன்.

மாதுங்கா_மணி:

அவர் யோசிக்கட்டும், நான் பதில் சொல்கிறேன். இதற்கு அவருடைய அம்மாவிடம் போக வேண்டும்.

குல்சும் சயானி பம்பாயில் முதியோர் எழுத்தறிவு வேலையில் இருந்தவர். காந்தியின் யோசனைப்படி 'ரஹ்பர்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். தேவநாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்திலும் அச்சாகும், ஆனால் பேச்சு ஒன்றுதான்: எளிமையான ஹிந்துஸ்தானி. அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்கான பத்திரிகை. பையன் அதில் கூடமாட வேலை செய்தான். ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் இருக்கலாம், எந்தச் சொல்லில் ஆள் தடுக்கி விழுவான் என்பதெல்லாம் அங்கே பழகியது.

குஜராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர். அண்ணன் ஹமீது சயானி ஆங்கில ஒலிபரப்பாளர், அவர்தான் தம்பியைச் சின்ன வயதிலேயே ஆகாசவாணிக்கு அழைத்துப் போனார். பின்னால் ஹிந்தி அறிவிப்பாளர் வேலைக்குப் போனபோது, உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோபி தலாவில் இருக்கிற செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ரேடியோ சிலோனுக்கான நிகழ்ச்சிகள் அந்த வளாகத்திலேயே பதிவாகிக்கொண்டிருந்தன. எட்டிப் பார்க்கப் போனவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஓவல்டீன் விளம்பர நிகழ்ச்சி ஒன்று, சம்பளம் வாரத்துக்கு ஒரு டப்பா ஓவல்டீன்.

இப்போது அந்தக் காலத்து ஆகாசவாணி ஹிந்தியை நினைத்துப் பாருங்கள். சமஸ்கிருதம் தடித்துப்போய், வாத்தியார் பிரம்போடு நிற்கிற மாதிரி இருக்கும். பிரிவினை நடந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. உருதுச் சொல் வந்தால் ஒருவருக்கு முகம் சுளிக்கும், சமஸ்கிருதச் சொல் வந்தால் இன்னொருவருக்கு. நடுவில் இந்த ஆள் வந்து, சந்தையில் பேசுகிற பேச்சில், "உங்கள் நண்பன்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டு பேசினார். கோபால் சர்மா நல்ல அறிவிப்பாளர், மறுக்கவில்லை. ஆனால் முதியோர் பள்ளிக்கூடத்தில் பழகிய நாக்கு வேறு.

பம்பாயில் எங்கள் மாதுங்கா பக்கத்துத் தமிழர் வீடுகளில் பாதிப் பேருக்கு ஹிந்தி அரைகுறைதான். எங்கள் கட்டடத்துப் பாட்டிமார்களுக்குக் கடைக்காரனிடம் பேசுகிற அளவு தெரியும், அவ்வளவுதான். அவர்களுக்கும் இவர் பேசுவது புரிந்தது. பாட்டுக்கு நடுவில் பேசினால் "சும்மா இருங்கோடா" என்று எங்களை அடக்குவார்கள். பாட்டுக்காக இல்லை, பேச்சுக்காக.

இளையவள்_பண்பலை:

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் பண்பலையில் வேலை பார்த்தவள். எங்கள் பயிற்சியில் சயானி பெயர் வராமல் இருக்காது, ஆனால் "அவர் மாதிரி பேசாதே" என்பதற்குத்தான் வரும். மெதுவாக, திருத்தமாகப் பேசினால் "ரொம்ப சயானியா இருக்கு, வேகமா பேசு" என்பார்கள்.

என் அப்பா சரிகம கார்வான் வாங்கி வைத்திருக்கிறார், பழைய பாட்டுகளை உள்ளேயே நிரப்பி விற்கிற வானொலி மாதிரியான பெட்டி. அதில் கீத்மாலாவுக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் எனக்கு அவர் பழக்கம். அம்பதுகளில் இவ்வளவு சுத்தமாக எப்படிப் பதிவு செய்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

ட்யூனர்:

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது தங்கச்சி. நீங்கள் கேட்பது அம்பதுகளின் ஒலிபரப்பு இல்லை. பிற்காலத்தில் 'கீத்மாலா கீ சாவ்ன் மே' என்ற பெயரில் பழைய நிகழ்ச்சியைத் திரும்பிப் பார்க்கிற தொகுப்புகளை அவர் புதிதாகப் பேசிக் கொடுத்தார். அந்தந்த ஆண்டில் எந்தப் பாட்டு எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டே போவார். பழைய துணுக்குகள் நடுநடுவே வரும். கார்வான் 2017-இல் வந்தபோது அந்த வகைத் தொகுப்புதான் உள்ளே போனது.

எனக்கு இதுதான் இந்த இழையிலேயே சுவாரசியமான விஷயம். இன்றைய தலைமுறைக்குத் தெரிந்த சயானி, எழுபது வயதில் தன்னுடைய இருபது வயதை நடித்துக் காட்டிய சயானி. நிஜ ஒலிபரப்பில் கரகரப்பு இருக்கும், அவசரம் இருக்கும், அந்த வாரத்துப் பரபரப்பு இருக்கும். தொகுப்பில் இருப்பது நிதானம். மிமிக்ரிக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் இந்த நிதானமான ஆளைத்தான். நான் கேட்ட சில பழைய துண்டுகளில் மனிதர் இதைவிட வேகமாகவே பேசுகிறார். உங்கள் பயிற்சியாளர்களிடம் சொல்லுங்கள்.

கறார்குமரன்:

யோசித்துவிட்டு வந்தேன். குல்சும் சயானி விஷயம் எனக்குப் புதிது, நல்ல வாதம்தான். ஆனால் "கேட்கிறவனை உள்ளே இழுத்தார்" என்கிறீர்களே, அந்த உள்ளே இழுப்பதில் எவ்வளவு நிஜம்? பட்டியல் எப்படித் தயாரானது? ரெக்கார்டு கடைகளில் என்ன விற்றது என்று கேட்டுத்தானே? அதை எவனும் விலைக்கு வாங்கலாமே.

மாதுங்கா_மணி:

வாங்கப் பார்த்தார்கள், அதுவும் நடந்தது. தங்கள் பாட்டு மேலே ஏற வேண்டும் என்று படக்காரர்களே ஆள் விட்டு ரெக்கார்டுகளை வாங்கிக் குவித்த கதை உண்டு. அதற்குத்தான் நேயர் மன்றங்கள். வட இந்தியாவில் ஊருக்கு ஊர் 'ஸ்ரோதா சங்' என்று நேயர்களே கூடி ஆரம்பித்தவை. கடைக்காரர் கணக்கும் மன்றங்களின் வாக்கும் சேர்ந்துதான் பட்டியல். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ தில்லுமுல்லு என்று தெரிந்துவிடும். முழுக்கச் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சினிமா உலகம் அந்தப் பட்டியலுக்குப் பயந்தது. இசையமைப்பாளர்களுக்குப் புதன்கிழமை ராத்திரி தேர்வு முடிவு மாதிரி.

ஒரு பாட்டு பல வாரம் பட்டியலில் நின்று தன் தவணையை முடித்துவிட்டால் பிகிள் ஊதி 'சர்தாஜ் கீத்', அதாவது மகுடப் பாட்டு, என்று மரியாதை செய்து அனுப்பிவிடுவார்கள். ஆண்டுக் கடைசியில் வருஷத்துப் பட்டியல். 1966-இல் முதலிடம் 'பஹாரோ ஃபூல் பர்சாவோ'. டி. பிரகாஷ் ராவ் இயக்கி நம் வைஜயந்திமாலா நடித்த 'சூரஜ்' படப் பாட்டு. இன்றைக்கும் வட இந்தியக் கல்யாண பேண்டு அதை வாசிக்காமல் விடாது.

மன்றம் என்றதும் ஜும்ரி தலையாவைச் சொல்லாமல் போக முடியாது. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில் கோடர்மாப் பக்கம் ஒரு மைக்கா சுரங்க ஊர். ரேடியோ சிலோன், பிறகு ஆகாசவாணியின் விவித் பாரதி, எந்த நேயர் விருப்ப நிகழ்ச்சியைத் திருப்பினாலும் "ஜும்ரி தலையாவிலிருந்து..." என்று பெயர்கள் கொட்டும். யார் கடிதம் அதிகம் வாசிக்கப்படுகிறது என்று ஊருக்குள் போட்டி. எதிராளியின் தபாலை அனுப்பாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித் தபால்காரரைக் கவனித்தார்கள் என்றுகூடக் கதை இருக்கிறது. அப்படி ஓர் ஊரே கிடையாது, வானொலிக்காரர்கள் கட்டிவிட்டது என்று நம்பினவர்கள் ஏராளம். இன்றும் ஹிந்திச் சினிமாவில் பட்டிக்காட்டைக் கேலி செய்ய அந்தப் பெயரைத்தான் எடுப்பார்கள்.

குமரன், இதைக் கொஞ்சம் பாருங்கள். அறிவிப்பாளர் புகழ் பெறுவது வழக்கம். கேட்டவர்கள் புகழ் பெற்றது எங்கே நடந்திருக்கிறது? மைக்கா வியாபாரம் படுத்த பிறகும் அந்த ஊர்ப் பெயர் நிற்பது போஸ்ட் கார்டால்தான்.

வெள்ளவத்தை:

பற்பசையை மறந்துவிட்டீர்கள். பினாகா டப்பாவுக்குள் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மிருகங்கள் வரும். அதைச் சேர்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பற்பசை பிறகு சிபாகா ஆனது, நிகழ்ச்சியும் சிபாகா கீத்மாலா ஆனது. ஆனால் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, பினாகா கீத்மாலாதான். விளம்பரத்துக்குக் காசு கொடுத்த பற்பசையே பெயர் மாறிப் போய், பழைய பெயர் நிகழ்ச்சியின் பெயரில் உயிரோடு இருக்கிறது.

கறார்குமரன்:

ஜும்ரி தலையாவுக்கு ஒரு புள்ளி தருகிறேன். ஆனால் மணி சார், சயானியைச் சுற்றி இருக்கிற கதைகளில் பல, அவரே சொன்னவை. அமிதாப் பச்சன் கதையை எடுங்கள். அறுபதுகளின் கடைசியில் ஓர் ஒல்லியான இளைஞன் முன் அனுமதி இல்லாமல் குரல் தேர்வுக்கு வந்தான், தனக்கு வாரத்துக்கு இருபது நிகழ்ச்சி, பார்க்க நேரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன், பிறகு திரையில் பார்த்துத்தான் அது யார் என்று தெரிந்தது என்பார். எல்லாச் செய்தித்தாளும் போட்டது. 54,000 நிகழ்ச்சிகள், 19,000 விளம்பரங்கள் என்று ஒரு கணக்கு, அதையும் எல்லாரும் போடுகிறார்கள். யார் எண்ணினார்கள்?

மாதுங்கா_மணி:

எண்ணினதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பச்சன் கதையை அவர் எப்படி முடிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பையனை எடுத்திருந்தால் தன் பிழைப்பு போயிருக்கும், இந்தியச் சினிமாவும் ஒரு பெரிய நடிகனை இழந்திருக்கும், இருவருக்கும் நல்லதுதான் நடந்தது என்பார். கதை கட்டத் தெரிந்தவர்தான். அதில் என்ன தப்பு? ஐம்பது வருஷம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கதை சொல்லியே சம்பாதித்த மனிதர். இரண்டு நிமிஷத்தில் கவிஞர் யார், ஸ்டுடியோவில் என்ன தகராறு, இந்த வாரம் ஏன் ஒரு படி இறங்கியது என்று சொல்லி முடித்துவிடுவார். பாட்டு தொடங்குவதற்குள் அந்தப் பாட்டுக்கு நீங்கள் சொந்தக்காரர்.

சினிமாவிலும் அவர் இருக்கிறார். 1965-இல் 'பூத் பங்களா', 'தீன் தேவியான்', எண்பதுகளில் 'பாக்ஸர்' என்று சில படங்களில் அறிவிப்பாளராகவே வருவார். வேறு வேஷம் கிடையாது. ஓர் அறிவிப்பாளர் வேண்டும் என்றால் அவரையே கூப்பிட்டுவிடுவது. 2009-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம், அது கிடக்கட்டும்.

இளையவள்_பண்பலை:

நம் பக்கம்? தமிழ் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது எல்லாம் அதே இலங்கை வானொலிதானே. என் தாத்தா கே.எஸ். ராஜா பேசுவது போலப் பேசிக் காட்டுவார். எனக்கு ஒரிஜினல் கேட்க வழியே இல்லை. இணையத்தில் தேடினால் தேய்ந்துபோன சில துண்டுகள்தான்.

வெள்ளவத்தை:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். தமிழ் வர்த்தக சேவையும் அதே காலம், அதே நிலையம். கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது தமிழ்ப் பாட்டுக்கும் சேர்த்துத்தான், அதனால் தமிழ்நாடும் கொழும்புப் பக்கம் திரும்பியது. எஸ்.பி. மயில்வாகனன் பெயர் தமிழ்நாட்டில் சினிமா நட்சத்திரத்தின் பெயர் போல இருந்த காலம் அது. தென் மாவட்டங்களில் எங்கட ஒலிபரப்பு உள்ளூர் நிலையம் போலவே கேட்கும், கரகரப்புக்கூட இருக்காது. கே.எஸ். ராஜா வாய் திறந்தால் மூச்சு விடுகிற இடம் தெரியாது. ஆனால் ஒரு சொல் சிதையாது.

பிறகு இங்கே யுத்தம். ராஜா கொல்லப்பட்டார். அறிவிப்பாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். நாடா என்பது நிலையத்தின் சொத்து, அழித்து அழித்து மேலே பதிவார்கள், அது உலகம் முழுக்க நடந்ததுதான். சயானி தனியார் தயாரிப்பாளர். நிகழ்ச்சி அவர் கையில் உருவானது, நாடாவும் பட்டியலும் அவர் கையில் நின்றன. பின்னால் அதே கையால் எடுத்து, பேசிச் சேர்த்து, இசைத்தட்டுக் கம்பெனியிடம் கொடுக்க முடிந்தது. எங்கட ஆட்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். வீட்டுக்கு என்ன கொண்டுபோயிருப்பார்கள்?

அப்துல் ஹமீது மட்டும் தப்பித்தார், ஏனென்றால் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியில் தொடங்கி சன் டிவியில் ஏறி, முகத்தோடு மக்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில், பஸ் பயணங்களில் பிள்ளைகள் கடைசி எழுத்தைப் பிடித்துப் பாடுகிற விளையாட்டை ஆரம்பிக்கும்போது அவர் சொல்கிற பாணியில்தான் எழுத்தைக் கொடுக்கிறார்கள்.

ட்யூனர்:

இது முக்கியமான புள்ளி. நாமெல்லாம் திறமை பற்றி அடித்துக்கொள்கிறோம், கடைசியில் நாடா யார் வீட்டில் இருந்தது என்பதில் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்திலேயே டேப் ரிக்கார்டரை வானொலிப் பக்கத்தில் வைத்துப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் யாராவது பரணில் ஸ்பூல் நாடாவோ கேசட்டோ வைத்திருந்தால், தயவுசெய்து பழைய டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும், அறுந்துவிடும். ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள். டிஜிட்டலாக மாற்ற நான் உதவுகிறேன்.

இளையவள்_பண்பலை:

தாத்தா வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, மேலே எதுவும் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது எடுத்து வருகிறேன்.

குமரன் சார், பட்டியல் பற்றிக் கேட்டீர்களே. எங்கள் நிலையத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை போகும் என்பதை ஆராய்ச்சிக் கம்பெனி ஆட்கள் தொலைபேசியில் ஆட்களைக் கூப்பிட்டு, பாட்டின் சில விநாடித் துண்டைப் போட்டுக் காட்டி, பிடித்திருக்கிறதா அலுத்துவிட்டதா என்று கேட்டு முடிவு செய்வார்கள். கேட்டவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. 'டாப் டென்' வாசிக்கிற எனக்கே அந்தத் தாள் காலையில்தான் கையில் வரும். நான் பேசுகிற இடைவெளிக்கும் விநாடிக் கணக்கு உண்டு. கவிஞர் பெயர் சொன்னாலே "இழுக்காதே" என்பார்கள்.

கறார்குமரன்:

சரி, அப்படியென்றால் போஸ்ட் கார்டே மேல்.

ஆனாலும் கேஸ்கர் இல்லாவிட்டால் சயானி இல்லை என்பதை நான் விடப்போவதில்லை. 1957 அக்டோபர் 3 அன்று ஆகாசவாணியே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டது. அந்த ஐந்து வருஷ இடைவெளிதான் அவருக்கு மேடை.

மாதுங்கா_மணி:

அந்த ஐந்து வருஷம் முடிந்து, சொந்த நாட்டிலேயே பாட்டுக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் எண்பதுகளின் கடைசி வரை கீத்மாலா கொழும்பிலேயே ஓடியது குமரன். தடை போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் எதற்காகப் புதன்கிழமை அந்த முள்ளைத் திருப்பினார்கள்? அதற்குப் பிறகு 1989-இல் நிகழ்ச்சி விவித் பாரதிக்கே வந்து 1994 வரை நடந்தது. உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிய அதே ஆகாசவாணி.

கறார்குமரன்:

இதற்கு நாளைக்கு வந்து பதில் சொல்கிறேன்.